தோமியேயின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியேயைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லச்சுக் கலைஞர் ஒருவருக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்குவது அடிக்கடி நடப்பதில்லை. அதற்காகத் தங்களுக்கும் கட்டுரையாளருக்கும் என் நன்றி. ஆனால் கட்டுரையின் ஒரு கருத்து அன்றிலிருந்து மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1835-இல் வந்த அச்சுச் சட்டத்துக்குப் பிறகு தோமியே அரசியலைக் கைவிட்டு, ஆற்றில் குளிப்பவர்கள், தூண்டில் போடுபவர்கள், ரயிலேறி ஊர்சுற்றப் போகிறவர்கள் என்று ‘வெறும் சிரிப்புப் படங்களுக்கு’ இறங்கிவிட்டார் என அதில் எழுதப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு அச்சோவியம் கற்பித்தவன் நான். மணலும் நீரும் இட்டுக் கல்லைத் தேய்த்து, அதன்மேல் வரைந்து, அச்செடுத்துப் பழகிய கைகள் இவை. அந்தப் படங்களை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்து வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை மறுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1830-ஆம் ஆண்டின் ஜூலைப் புரட்சி லூயி பிலிப்பை அரியணையில் ஏற்றியது. அதே ஆண்டு நவம்பரில் ஷார்ல் பிலிப்போன் ‘லா கரிக்காத்யூர்’ என்ற வார இதழைத் தொடங்கினார். 1832 டிசம்பரில், நாள்தோறும் புதிய படம் ஒன்றை வெளியிடும் ‘லெ ஷாரிவாரி’ நாளிதழையும் தொடங்கினார். சட்டி பானைகளைத் தட்டி, பிடிக்காதவர் வீட்டு வாசலில் ஊர் கூடி எழுப்பும் கூச்சலுக்குத்தான் பிரெஞ்சு மொழியில் ஷாரிவாரி என்று பெயர். மார்செய் நகரில் 1808-இல் ஒரு கண்ணாடிப் பணியாளரின் மகனாகப் பிறந்த தோமியே, இருபத்து மூன்று வயதில் பிலிப்போனுக்காக அரசரை ஒரு பூதாகாரப் பெருந்தீனிக்காரராக வரைந்தார். ஏழைகள் கூடைகூடையாகச் சுமந்து வரும் காசை அரசர் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறார். அவருடைய ஆசனத்தின் அடியிலிருந்து பட்டங்களும் பதவிகளும் விழுகின்றன. அந்தப் படத்துக்காக 1832-இல் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. 1834 ஏப்ரலில் பாரிஸின் திரான்ஸ்னோனேன் தெருவில், படைவீரர்கள் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். இரவு உடையில் தரையில் கிடக்கும் ஒரு மனிதரின் உடலையும், அவருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் குழந்தையையும் தோமியே கல்லில் வரைந்தார். கேலியின் நிழல்கூட இல்லாத அந்தப் படத்தின் கல்லையும் கைக்குக் கிடைத்த அச்சுப் படிகளையும் அரசு பறிமுதல் செய்தது.

1835 ஜூலை 28-இல் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அவர் தப்பினார், உடன் சென்றவர்களில் பலர் இறந்தார்கள். அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டங்கள், எந்தப் படத்தையும் முன் அனுமதி பெறாமல் வெளியிடக் கூடாது என்றன. தணிக்கையை இனி ஒருபோதும் கொண்டுவர மாட்டோம் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்த அரசு அது. அந்த வாக்குறுதி கருத்துகளுக்குத்தான் பொருந்தும், படம் என்பது கருத்து அல்ல, கண்ணைத் தாக்கும் ஒரு செயல் என்று அமைச்சர்கள் வாதாடினார்கள். எழுத்துக்கு இல்லாத விலங்கு படத்துக்குப் பூட்டப்பட்டது. எழுதுபவனைவிட வரைபவனைக் கண்டுதான் ஓர் அரசு அதிகம் அஞ்சியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே, ஓய்வுநேரப் படங்கள் தணிக்கையின் நெருக்கடியில் பிறந்தவை என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே அது தெரியும். 1848 பிப்ரவரிப் புரட்சியால் அச்சு விடுதலை பெற்றதும் தோமியே அரசியலுக்குத் திரும்புகிறார். 1851 டிசம்பரில், பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் என்ற பேரரசரான லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்து, அடுத்த ஆண்டு மீண்டும் முன் அனுமதி முறையைக் கொண்டுவந்தபோது, அதே 1852-இல் ஓவியக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தைப் பற்றிய தொடரை வரைகிறார். எனினும், ஒரு வேலை எதனால் தொடங்கியது என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளந்துவிட முடியாது. மன்னரின் முகத்தை வரைய முடியாமல் போனபோது, மன்னரை அரியணையில் தாங்கி நின்ற வர்க்கத்தின் முகத்தை அவர் வரையத் தொடங்கினார். அதைப் பின்வாங்குதல் என்று நான் கருதவில்லை.

அந்த வர்க்கம் யார் என்று பார்க்க வேண்டும். லூயி பிலிப்பின் ஆட்சியில் ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டிய ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது; 1846-இல் ஏறத்தாழ 3.5 கோடி மக்களில் அப்படிப்பட்டவர்கள் 2.5 லட்சத்துக்கும் குறைவு. கடை வைத்தவர், வீட்டு வாடகையில் வாழ்பவர், வழக்கறிஞர், நோட்டரி ஆகியோரும், அவர்களைப் பார்த்து அவர்களைப் போல ஆக விரும்பிய குமாஸ்தாக்களும் கொண்ட உலகம் அது. அலுவலகத்திலும் கடையிலும் இவர்கள் தங்கள் மதிப்பைக் காத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பிடி தளர்கிறது. எப்படிச் சும்மா இருப்பது என்று தெரியாதவர்கள், சும்மா இருக்கக் கிடைத்த ஒரு நாளை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கே தெரியாத பலவும் வெளிப்படும். தோமியே அதைப் பார்த்தார்.

1839-இல் தொடங்கிய குளிப்பவர்கள் தொடரை எடுத்துக்கொள்ளலாம். சேன் நதியில் மரத்தெப்பங்களால் அடைத்துக் கட்டிய குளியல் துறைகள் அப்போது பாரிஸில் பல இருந்தன. உயர்ந்த கட்டணத் துறைகளும் இருந்தன, நான்கு சூ கொடுத்து நுழையக்கூடிய மலிவான துறைகளும் இருந்தன. நான்கு சூ என்பது ஒரு பிராங்கில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே தொப்பியும் கோட்டும் கைத்தடியும் கழன்றுவிடுகின்றன. எஞ்சுவது தொங்கும் வயிறும், குச்சி போன்ற கால்களும், குளிரில் நடுங்கும் தோள்களும்தான். ஓவியக் கல்லூரிகளில் ஆடையற்ற உடல் என்றாலே கிரேக்கச் சிலையின் உடல் என்று கற்பித்த காலத்தில், நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உண்மையான உடல்களை இவர் கூச்சமில்லாமல் வரைந்தார். 1841 முதல் 1843 வரை வெளிவந்த ‘பண்டைய வரலாறு’ என்ற 50 படங்களில் ஹோமரின் வீரர்களுக்கும் இதே உடல்களைப் பூட்டினார். இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். நான்கு சூ குளியல்துறையில் பார்த்த முதுகும் திராய் போர் நாயகனின் முதுகும் ஒன்றே என்று கண்டுபிடிக்கும் மாணவனுக்கு, அதன் பிறகு தோமியேயைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

1845-இல் தொடங்கிய ‘பாஸ்தொரால்’ என்ற நாட்டுப்புறக் காட்சிகளும், 1846 முதல் 1849 வரை வெளிவந்த ‘நல்ல பூர்ஷ்வாக்கள்’ (வசதி படைத்த நகரத்து நடுத்தர வர்க்கத்தார்) என்ற, எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட தொடரும் இன்னும் செழுமையானவை. நகரத்துக் குடும்பம் ஒன்று இயற்கையைத் தேடிப் புறப்படுகிறது. குடை, கூடை, குழந்தை, மாற்று உடை என்று வீட்டையே சுமந்துகொண்டு நடக்கிறார்கள். கிராமத்துச் சாலையில் வெயிலும் புழுதியும் அவர்களை வாட்டுகின்றன. திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. இந்தப் படங்களில் இயற்கை அழகாகவும் இல்லை, கொடுமையாகவும் இல்லை. அது இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. புத்தகங்களில் படித்த கிராமத்துக்கும் கால் பதித்த கிராமத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த முகங்களின் களைப்பில் அவர் வரைந்து காட்டினார். அந்தக் களைப்பில் ஏளனத்தைவிட நெருக்கம் அதிகம் என்பதையும் நான் குறிப்பிட விரும்புகிறேன். கணவனின் கையைப் பற்றியபடி தடுமாறும் மனைவியையோ, உறங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சுமக்கும் தந்தையையோ வெறுக்கும் கை இப்படி வரையாது.

கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட படம் 1843 ஜூலையில் ‘ஷாரிவாரி’யில் வந்த ரயில் படம். அதை வேறு எந்தச் செய்தியும் இல்லாமல், ‘உல்லாசப் பயணத்தில் பாரிஸ் மக்கள்’ என்ற தலைப்போடு, கீழே இருந்த வாசகத்தை வெட்டி எடுத்துவிட்டு வெளியிட்டிருந்தீர்கள். மூலத்தில் அந்த வாசகம் ஓர் உரையாடல். ‘ஐயோ, நாம் எல்லோரும் தொலைந்தோம்!’ என்று ஒருவர் அலறுகிறார், ‘அப்படி ஒன்றும் இல்லை, வண்டி மறுபடி புறப்படுகிறது, அவ்வளவுதான், இயந்திரம் முன்னால் போனால் பயணிகள் பின்னால் போவார்கள், இது தெரிந்த விஷயம்தானே’ என்று மற்றவர் பதில் சொல்கிறார். படத்தில் கூரை இல்லாத வண்டியில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்து விழுகிறார்கள். பாரிஸிலிருந்து சேன்-ழெர்மேன் பக்கம் பயணிகள் ரயில் முதன்முதலில் ஓடியது 1837-இல். அதன்பின் ஆறே ஆண்டுகளில், குதிரை வண்டியில் அரை நாள் உருண்டுபோன வெளியூர், ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய ஞாயிற்றுக்கிழமைச் சரக்காகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் ஏறியவர்களுக்குக் கூரைகூடக் கொடுக்கப்படவில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 1842 மே 8-ஆம் தேதி, வெர்சாயில் நடந்த விழாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ரயில் மெதோன் அருகே தடம் புரண்டு தீப்பற்றியது; பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நினைவு ஆறாத நகரத்தில், ‘நாம் எல்லோரும் தொலைந்தோம்’ என்ற அலறலைப் படித்த வாசகர் சிரித்திருப்பார். ஆனால் எதை எண்ணி நடுங்கியபடி சிரித்தார் என்பதையும் நாம் எண்ண வேண்டாமா? வாசகத்தை வெட்டிவிட்டால் இது எதுவும் தமிழ் வாசகருக்குக் கிடைக்காமல் போகிறது.

வாசகங்களைப் பற்றி இன்னொரு திருத்தமும் உண்டு. கட்டுரையில் இரண்டு இடங்களில் படத்தின் கீழுள்ள வரிகள் ‘தோமியே சொன்னது’ என்று காட்டப்பட்டுள்ளன. பெரும்பாலான வாசகங்களை எழுதியவர் அவர் அல்லர்; பிலிப்போனும் இதழில் இருந்த மற்றவர்களும்தான் எழுதினார்கள். தோமியே கல்லில் வரைந்ததோடு சரி. வாசகம் சில சமயம் படத்தைச் சின்னதாக்கிவிடுகிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு. என்றாலும், அந்தக் கால வாசகர் இரண்டையும் சேர்த்துத்தான் படித்தார்.

கல்லச்சு முறையைப் பற்றியும் சில சொற்கள். 1790-களின் இறுதியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த முறை இது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதிச் சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள கரிய பென்சிலால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். தங்கள் நாளிதழை அச்சிடும் ஆஃப்செட் இயந்திரமும் எண்ணெயும் நீரும் ஒட்டாத இதே இயல்பை நம்பித்தான் ஓடுகிறது. செப்புத் தகட்டில் செதுக்க நாள்கணக்கில் ஆகும் படத்தைக் கல்லில் ஒரே அமர்வில் வரைந்துவிடலாம். நாளிதழுக்கு நாள்தோறும் படம் என்பது இதனால்தான் நடைமுறையானது. படம் அச்சில் இடவலமாகத் திரும்பிவிழும் என்பதால், வரைகிறவர் எல்லாவற்றையும் தலைகீழான பழக்கத்தில் யோசிக்க வேண்டும். பென்சில் கல்லின் மணிமணியான பரப்பில் உரசும்போது கிடைக்கும் அந்தச் சாம்பல் நிறத்தை, வெயிலில் வெளுத்த சாலைக்கும் நீரில் ஊறிய உடலுக்கும் தோமியே பயன்படுத்திய விதத்தை, நல்ல அச்சுப் படியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏறத்தாழ நாலாயிரம் கற்களில் அவர் வரைந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு நூறு. ஊராரின் ஓய்வைப் படம் பிடித்த அந்த மனிதருக்கு வாழ்நாளில் ஓய்வு கிடைத்ததாகத் தெரியவில்லை. பாரிஸில் சேன் நதியின் நடுவே உள்ள செயின்ட் லூயி தீவில், கே தான்ழூ என்ற கரையோரத் தெருவில் குடியிருந்த வீட்டுக்கே கற்கள் வந்து போயின. கீழே நதி ஓடியது.

தோமியேயைப் போற்றுகிறேன் என்பதற்காக அவருடைய குறையை மறைக்கவும் நான் விரும்பவில்லை. கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1844-இல் எழுத்தார்வம் கொண்ட பெண்களைக் கேலி செய்து 40 படங்கள் வரைந்தார். அதில் ஒன்றில் தாய் எழுத்தின் வேகத்தில் மூழ்கியிருக்க, குழந்தை குளியல் தொட்டியின் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. 1849-இல் சோஷலிசப் பெண்களையும் அதே முறையில் நடத்தினார். ஆண் தூண்டிலோடு நாள் முழுவதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தால் அதில் ஓர் அசட்டுத்தனத்தையும் ஒரு பரிவையும் காணத் தெரிந்த அவருக்கு, பெண் ஒரு மணி நேரம் தனக்கென்று எடுத்துக்கொண்டு படிப்பதிலும் எழுதுவதிலும் குடும்பத்தின் அழிவு மட்டுமே தெரிந்தது. ஓய்வு யாருக்கு உரியது என்ற கேள்வியில் அவரும் அந்த வர்க்கத்தின் ஆண்களில் ஒருவராகவே நின்றார். மாணவிகள் இதைச் சுட்டிக்காட்டியபோதெல்லாம் நான் அவர்களோடு உடன்பட்டிருக்கிறேன்.

கண்காட்சிப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852 தொடரில் கட்டணம் இல்லாத நாளில் வெக்கையில் நெரிபடும் கூட்டம் இருக்கிறது. 1864 மே மாதப் படத்தில் இரண்டு பெண்கள் சுவர் நிறைந்த ஆடையற்ற வீனஸ்களைப் பார்த்து, ‘இந்த ஆண்டும் வீனஸ்கள்தானா, இப்படி உடலமைப்புள்ள பெண்கள் உலகில் இருப்பதுபோல’ என்று சலித்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓவியர் கபானெல் வரைந்த வீனஸை மூன்றாம் நெப்போலியன் விலைக்கு வாங்கியிருந்தார் என்பது தெரிந்தால், பேரரசரின் ரசனையையே அந்தச் சலிப்பு தொட்டுவிடுவது புரியும். மற்றொரு படத்தில் இரண்டு நிலக்காட்சி ஓவியர்கள். முதலாமவர் இயற்கையைப் பார்த்து வரைகிறார், இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்து வரைகிறார். இவற்றையெல்லாம் அரசியல் இல்லாத படங்கள் என்று எப்படிச் சொல்வது?

இந்த மரபு நமக்கு அந்நியமும் அல்ல. 1841-இல் லண்டனில் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழ் தன்னை ‘லண்டன் ஷாரிவாரி’ என்றே அழைத்துக்கொண்டது. அதைப் பார்த்து இந்தியாவில் 1877-இல் லக்னோவின் ‘அவத் பஞ்ச்’ உள்ளிட்ட இதழ்கள் தோன்றின. பாரதியார் தம் ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டதும், 1908-இல் அந்த இதழ் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு இடம் மாறியதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவை.

தோமியேயின் கடைசி ஆண்டுகளில் கண்பார்வை மங்கியது. 1878-இல் பாரிஸில் துராண்-ருவேல் கூடத்தில் அவருடைய ஓவியங்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. விக்தர் ஹ்யூகோ அதன் கௌரவத் தலைவராக இருந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் வல்மோந்துவா கிராமத்தில் தோமியே காலமானார். கட்டுரை அந்தக் கண்காட்சியின் ஓவியங்களையே அவருடைய ‘உண்மையான சாதனை’ என்று முடிக்கிறது. ஆனால் நவீன கலையிலேயே மிக முக்கியமானவர்களில் ஒருவர் என்று கவிஞர் போதலேர் தோமியேயைப் பற்றி 1857-இல் எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவை நாளிதழ்த் தாளில், பின்பக்கம் செய்தி அச்சாகிய இந்தக் கல்லச்சுப் படங்கள்தாம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இடம் இருக்குமானால், அந்த 1843 ரயில் படத்தை வெட்டாமல், தேதியோடும் கீழுள்ள உரையாடலின் தமிழாக்கத்தோடும் இன்னொரு முறை வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பில் உதவி தேவைப்பட்டால் செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சோவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.